எந்தக் காற்று, எந்தக் கடல்? மதுரையிலிருந்து வந்த கேள்விகள்

பிறந்தது பாம்பன், பிழைப்பு மதுரை. பாம்பன், தூத்துக்குடியிலிருந்து மீன் வரவழைக்கிற வியாபாரம். நாளைக்கு லோடு வருமா வராதான்னு தெரியணும்னா இன்னைக்கே கடல் வானிலை அறிக்கை பார்த்தாகணும். அந்தப் பழக்கத்தில் சேர்ந்ததுதான் இந்த அறிவு. ஆடி பிறக்கப் போகுது, கடல் பத்திக் கேளுங்கன்னு சொன்னேன். வந்ததில் சில.

தெற்குவாசல் அக்கா ஒருத்தர்: ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போறோம் தம்பி. பிள்ளைங்க தனுஷ்கோடியும் பார்க்கணும்னு நிக்குதுங்க. கடல் எப்படி இருக்கும்?

எந்தக் கடல்னு கேட்கணும் அக்கா. அங்க ரெண்டு இருக்கு. அக்னி தீர்த்தம் இருக்கிற பக்கம் பாக் விரிகுடா, பெண் கடல்னு சொல்லுவோம். தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். மன்னார் பக்கம் இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடப்பதால் அலை மொத்தமும் அந்தக் கரையில் வந்து விழும். தீவு நடுவில் சுவர் மாதிரி நிக்குறதால அக்னி தீர்த்தம் பக்கம் நம்ம தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியுற அரிச்சல்முனைக்கு ரோட்டில் போனால் ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்: இடது பக்கம் பச்சைத் தண்ணி சலசலன்னு நிக்கும், வலது பக்கம் நுரை ரோட்டோரக் கல்லில் ஏறி அடிக்கும். மணல் பறந்து கெண்டைக்காலில் ஊசி மாதிரி குத்தும்.

கார்த்திகையில் போனால் எல்லாம் தலைகீழ். வடகிழக்குக் காற்று பாக் விரிகுடாவைப் போட்டுக் கலக்கும். அங்க ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினைஞ்சு மீட்டருக்குள்தான். ஆழம் குறைஞ்ச கடலில் அலை குட்டையா, செங்குத்தா, ஒண்ணு மேல ஒண்ணா வரும். உயரமான அலையில் வள்ளம் ஏறி இறங்கிடும், இந்தக் குட்டை அலையில் தடுமாறும். பெண் கடல்ங்கிற பேரை நம்பி ஐப்பசிக்கு மேல இறங்கிடக் கூடாது.

திருமங்கலம் தம்பி: பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னு டிவியில ஓடுது. மதுரைக்குப் புயல் வருதாண்ணே?

கூண்டு உனக்கு இல்லப்பா, துறைமுகத்துக்கும் படகுக்கும். 1, 2 ஏத்தினால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்குன்னு அர்த்தம். 3 என்றால் துறைமுகத்தில் திடீர்த் தரைக்காற்று வீசலாம், 4 என்றால் புயல் இந்தத் துறைமுகத்தைத் தொடலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். இந்த மூணு மூணும் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும்னு சொல்றதுக்கு. அதனால 5-ஐ விட 6 மோசம்னு எண்ணிப் பார்க்கக் கூடாது. 11 ஏத்தினால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோச்சு. பகலில் கூம்பும் உருளையும் தொங்கும், ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்கு.

அவனியாபுரத்திலிருந்து: தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல். எல்லாம் ஒண்ணுதானே சார்?

காற்றின் வேகத்தை வச்சு வைக்கிற பேர்கள். சுழற்சியில் காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 தொட்டால் புயல், அப்பதான் பேர் வைப்பாங்க. 89-க்கு மேல தீவிரப் புயல்.

ஆனா இது காற்றுக் கணக்கு, மழைக் கணக்கு இல்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தப்ப நான் ஜன்னலுக்கு அட்டை கட்டி, மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் வாங்கி, ரெண்டு நாள் லோடையும் நிறுத்திட்டேன். இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள்ள வந்தது ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகிச் சுருங்கி, ராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்னுபோச்சு. வீட்டில் ஒரு ஓடுகூட அசையலை. வெள்ளத்தில் மிதந்தது எங்கேயோ இருந்த கடலூரும் டெல்டாவும். மெழுகுவர்த்தி இன்னும் இருக்கு.

நெல்பேட்டை: புயலுக்கு நம்ம ஊர்ப் பேர் எதுவும் இருக்கா?

இந்தியா கொடுத்த பட்டியலில் ‘முரசு’ இருக்கு, ‘நீர்’ இருக்கு.

சோழவந்தான் விவசாயி ஐயா: வங்கக்கடல்ல புயல்னா சந்தோஷப்படுறோம். நமக்கு ஒரு சொட்டு விழறதில்லையே, ஏன்?

ஐயா, அது போற திசையைப் பாருங்க. சென்னை, ஆந்திரா பக்கம் ஏறினால் ஈரக் காற்றையெல்லாம் தன்கிட்ட இழுத்துக்கிட்டுப் போயிடும். நமக்கு மேற்கிலிருந்து வறண்ட காற்றுதான் மிச்சம். பேரே இல்லாத ஒரு தாழ்வுப் பகுதி இலங்கைக்குத் தெற்கே ஊர்ந்து குமரிக்கடலுக்கு வந்தால்தான் மதுரை, தேனி, ராமநாதபுரம் நனையும். வருசநாட்டு மலையில் மழை விழும், வைகைக்குத் தண்ணி வரும். ஆடியில் வைகை அணை ஏறுதுன்னா அது வேற கணக்கு: தென்மேற்குப் பருவமழை முல்லைப் பெரியாறில் விழுந்து சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வர்ற தண்ணி.

வாடிப்பட்டி கல்லூரி மாணவர்: கன்னியாகுமரி டூர் போறோம். ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கைன்னு போட்டிருக்கு, ஆனா அங்க காத்தே இல்லைங்கிறாங்க.

காத்து இல்லாததுதான் அதில் ஆபத்து தம்பி. திருட்டுத்தனமா வர்றதால அந்தப் பேர். ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கே எங்கேயோ பெருங்காற்று அடிச்சு எழுப்பின அலை, பல ஆயிரம் கிலோமீட்டர் உருண்டு, சில நாள் கழிச்சு நம்ம கரைக்கு வரும். வானம் நீலமா இருக்கும். சாதாரண அலை ஏழெட்டு விநாடிக்கு ஒண்ணு வரும். கள்ளக்கடலில் பதினைஞ்சு விநாடி, அதுக்கு மேலயும் இடைவெளி இருக்கும். கடல் அமைதியா இருக்குன்னு பாறையில் போய் நிப்பாங்க. உயரம் கம்மியா இருந்தாலும் அந்த நீள அலைக்குள்ள தண்ணி ஏராளம், காலை வாரி உள்ள இழுத்துடும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒண்ணில் மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேர் அப்படித்தான் போனாங்க. எச்சரிக்கையை ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் கொடுக்கும். அந்த நாளில் முட்டம் பாறையில் செல்ஃபி வேண்டாம். திருவள்ளுவரைக் கரையிலிருந்தே பாருங்க.

அதே மாணவர்: அலை 3 மீட்டர்னு போட்டால் எல்லா அலையும் மூணு மீட்டரா?

இல்லை. வர்ற அலைகளில் உயரமான மூணில் ஒரு பங்கோட சராசரி அது. நடுவில் ஒண்ணு அதுக்கு ரெண்டு மடங்கு கிட்ட எழும்பலாம். கடலுக்குப் போறவன் அந்த ஒண்ணுக்குத்தான் பயப்படுவான்.

கே.கே. நகர்: சித்திரையில மீன் ஏன் இப்படி விலை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு மீனும் கேரளா மீனும்தான் வரும். வானிலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

தெற்குவாசல் அக்கா திரும்பவும்: அப்ப ஆடிக்குப் போகலாமா வேண்டாமா தம்பி, அதைச் சொல்லு.

தாராளமா போங்க அக்கா. அக்னி தீர்த்தத்தில் முழுக்கை விடியக்காலையிலேயே முடிச்சிடுங்க. அரிச்சல்முனையில் வலது பக்கம் பிள்ளைங்க கையை விடாதீங்க. அத்தானுக்குத் துண்டு வேண்டாம், பறந்துபோயிடும்.