பட்டுப் பண்டல் தொலைந்தால் கிலோவுக்கு 50 ரூபாய்தானா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருபுவனம் பக்கத்தில் பட்டுச் சேலை நெய்து விற்கும் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து வெளியூர்ச் சரக்கை ரயில் பார்சலில்தான் போடுகிறோம். நான்கு மாதம் முன்பு பெங்களூரில் உள்ள கடைக்கு மூன்று பண்டல் அனுப்பினோம். இரண்டுதான் போய்ச் சேர்ந்தன. காணாமல் போன பண்டல் 22 கிலோ. உள்ளே இருந்த சேலைகளின் விலை 2,40,000 ரூபாய், பில் இருக்கிறது. பார்சல் ஆபீசில் எழுதிக் கேட்டோம். "மதிப்பு எழுதித் தரவில்லை, கிலோவுக்கு 50 ரூபாய்தான் வரும். பட்டு என்று போடாமல் 'துணி' என்று போட்டிருக்கிறீர்கள், அதற்கு உங்கள் மேலேயே அபராதம் விழும்" என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இதுதான் சட்டமாம். ரயிலில் பீடி பிடித்தாலும் அபராதம், சரக்கை மறைத்தாலும் அபராதம் என்று தாத்தாவும் சொல்வார். இதெல்லாம் இன்றைக்கும் செல்லுமா? இனிமேல் தம்பி கையிலேயே எடுத்துப் போகட்டுமா?

பதில்: அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 106ஆம் பிரிவின்படி, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீடு கேட்டு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். பண்டல் தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல, ஒப்படைத்த நாளிலிருந்து. உங்களுக்கு நான்கு மாதம் போய்விட்டது. நீங்கள் பார்சல் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தில் ரசீது எண்ணும் அனுப்பிய தேதியும் இருந்தால் அதையே அறிவிப்பாகக் கருத அந்தப் பிரிவு இடம் தருகிறது. ஆனாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். சரக்கை ஒப்படைத்த ரயில்வேயின் கிளைம்ஸ் பிரிவுக்கு இந்த வாரமே பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, முறையான கடிதம் ஒன்று போட்டுவிடுங்கள். ரசீது நகல், பில் நகல், காணாமல் போன பண்டலின் எடை, கேட்கும் தொகை எல்லாம் அதில் இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் மனதை உறுத்தும் விஷயம். பார்சல் ஆபீசில் சொன்ன 50 ரூபாய் கணக்கு, வருத்தத்தோடு சொல்கிறேன், சரியானதுதான். 103ஆம் பிரிவு இப்படிப் போகிறது: அனுப்புகிறவர் ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கூடுதல் மதிப்புக்கு உரிய சதவீதக் கட்டணத்தையும் கட்டியிருந்தால், அந்த மதிப்பு வரை ரயில்வே பொறுப்பு. அப்படிச் செய்யாவிட்டால் எடைக்கு ஏற்ற தொகைதான். எந்த நிலையிலும் அதற்கு மேல் இல்லை. 1990இல் வகுத்த விதிகள் அந்தத் தொகையைப் பயணியின் லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் என்றும் மற்றச் சரக்குக்கு 50 ரூபாய் என்றும் வைத்தன. 22 கிலோவுக்கு 1,100 ரூபாய். உங்கள் சேலைகளில் ஒன்றின் முந்தானைக்குக்கூட அது வராது என்பது எனக்குத் தெரியும். 'எந்த நிலையிலும்' என்று சட்டமே சொல்லிவிட்டதால் ஊழியரின் கவனக்குறைவைக் காட்டி அந்த வரம்பைத் தாண்டுவதும் கடினம்.

பில்லின் நகலைக் கூடவே கொடுத்தோமே, இ-வே பில்லில் விலை போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். இதே கேள்வியோடு பலர் வந்திருக்கிறார்கள். இ-வே பில் வரித்துறைக்குச் சொன்ன கணக்கு. பில் உங்களுக்கும் பெங்களூர்க் கடைக்கும் உள்ள கணக்கு. ரயில்வேக்கு நீங்கள் சொல்ல வேண்டிய இடம், சரக்கை ஒப்படைக்கும்போது நிரப்பித் தரும் படிவமான ஃபார்வர்டிங் நோட்டில் உள்ள மதிப்புக் கட்டம்தான். அதற்கான கட்டணம் ரசீதில் ஏறியிருக்கவும் வேண்டும். எனவே அந்த ஃபார்வர்டிங் நோட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஆள் அவசரத்தில் மதிப்பை எழுதி, கட்டணமும் கட்டி, உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் வழக்கு தலைகீழாக மாறிவிடும்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமா என்று கேட்டீர்கள். இப்போது நடப்பில் உள்ளது 1989ஆம் ஆண்டுச் சட்டம், 1990 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் மதிப்பு பற்றிய இந்த நிபந்தனை அதைவிட ரொம்பப் பழையது. இங்கிலாந்தில் கூலிக்குச் சரக்கு ஏற்றிக் குதிரை வண்டி ஓட்டியவர்களுக்கு இதே தொல்லை இருந்தது. சின்னப் பொட்டலத்தைச் சாதாரணக் கூலிக்குக் கொடுப்பார்கள். தொலைந்த பிறகுதான் உள்ளே தங்கம் இருந்தது, பட்டு இருந்தது என்பார்கள். வண்டிக்காரர் நொடித்துப் போவார். அதனால் 1830இல் ஒரு சட்டம் போட்டார்கள். தங்கம், வெள்ளி, கடிகாரம், பட்டு போன்றவை 10 பவுண்டு பணத்துக்கு மேல் பெறுமானால், மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கூலி கொடுத்தால்தான் வண்டிக்காரர் பொறுப்பு. இந்தியாவில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் அதையே 100 ரூபாய் என்று வைத்தது.

நம் ரயில்வேக்கு 1854லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை 1ஆம் தேதி தெற்கின் முதல் ரயில் புறப்படுவதற்கு முன்பே, விலையுயர்ந்த பொருளின் மதிப்பைச் சொல்லாவிட்டால் கம்பெனி பொறுப்பில்லை என்ற விதி தயாராக இருந்தது. உங்கள் தாத்தா சரக்கு அனுப்பிய காலத்தில் இருந்தது 1890ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 75ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் பொன், முத்து, கடிகாரம், சால்வை, சந்தனம் என்று ஒரு பட்டியலே போட்டன. பட்டும் அதில் உண்டு. பட்டியலில் உள்ள பொருள் 100 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளதாக இருந்து மதிப்பை எழுதித் தராவிட்டால், ரயில்வே ஒரு காசும் தர வேண்டியதில்லை. இன்றைக்கு உங்களுக்கு 1,100 ரூபாயாவது கிடைக்கிறது. அன்றைக்கு அதுவும் கிடையாது.

தாத்தா பீடியைப் பற்றிச் சொன்னதும் உண்மைதான். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்கென்று ஒதுக்காத பெட்டியில் சக பயணிகளின் சம்மதமில்லாமல் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம். அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் நுழைந்தாலும் 20 ரூபாய். பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினால் 100 ரூபாய். காரணமில்லாமல் அபாயச் சங்கிலியை இழுத்தால் 50 ரூபாய். சரக்கைப் பற்றிப் பொய்க் கணக்குக் கொடுத்தால் மணங்குக்கு 10 ரூபாய், அதுவும் கூலி போக. ஒரு மணங்கு ஏறக்குறைய 37 கிலோ. அந்தக் காலத்து வியாபாரி இதற்குப் பயந்ததில் ஆச்சரியமில்லை.

இங்கிருந்துதான் உங்கள் 'துணி' பிரச்சினையும் வருகிறது. பழைய மணங்குக் கணக்கின் இடத்தில் இப்போது 163ஆம் பிரிவு இருக்கிறது. முக்கியமான விவரத்தில் பொய்யாகக் கணக்குக் கொடுத்தால் குவிண்டாலுக்கு அல்லது அதன் பகுதிக்கு 500 ரூபாய் வரை அபராதம். உங்கள் மூன்று பண்டலும் சேர்ந்து ஒரு குவிண்டாலைத் தாண்டாத பட்சத்தில் அதிகபட்சம் 500 ரூபாய்தான். இது தவிர, விவரம் பொய் என்றால் உச்ச வகுப்புக் கட்டணத்தின் இரு மடங்கு வரை வசூலிக்க 66ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சரக்கைக் கொடுத்து முடித்த பிறகும் அப்படி வசூலிக்கலாம் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பார்சல் ஆபீஸ்காரர் சும்மா மிரட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் அவர் சொன்னதை அப்படியே ஏற்கவும் வேண்டாம். பட்டுச் சேலையைத் துணி என்று எழுதியது முழுமையில்லாத விவரம். பொய் விவரம் என்று நான் சொல்ல மாட்டேன். இரும்பை எழுதிவிட்டுப் பட்டை வைத்திருந்தால் கதை வேறு. இன்னொன்றையும் கவனியுங்கள். தவறான விவரத்தைக் காட்டி ரயில்வே பொறுப்பிலிருந்து தப்ப வழிசெய்யும் 102ஆம் பிரிவு, அந்தத் தவறான விவரத்தாலேயே இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பண்டல் காணாமல் போனதற்குக் காரணம் 'துணி' என்ற சொல் அல்ல. அபராதப் பேச்சைக் கேட்டுப் பயந்து இழப்பீடு கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அப்படிப் பின்வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வெறும் 1,100 ரூபாய்க்காக ஏன் அலைய வேண்டும் என்று தோன்றும். உங்களிடம் சரக்குப் போக்குவரத்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் பல பட்டுக் கடைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு பாலிசி எடுத்து வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெங்களூர்க் கடைக்காரரிடமும் கேளுங்கள், அவர் பெயரில் இருக்கலாம். பாலிசி இருந்தால் 2,40,000 ரூபாயை மீட்க அதுதான் நேரான வழி. அந்தக் கம்பெனியும் முதலில் கேட்பது, ரயில்வேயிடம் உரிய காலத்தில் கிளைம் போட்டீர்களா என்பதைத்தான். போடாமல் விட்டால் அதையே காரணம் காட்டிக் கையை விரிப்பார்கள்.

இருப்புப்பாதை காவல் நிலையத்திலும் ரயில்வே பாதுகாப்புப் படையிடமும் புகார் கொடுங்கள். ரயில்வேயின் பொறுப்பில் உள்ள சரக்கும் 1966ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டத்தின் கீழ் ரயில்வே சொத்தாகவே கருதப்படும். அதைத் திருடி வைத்திருப்பவர்மீது நடவடிக்கை உண்டு. சேலைகளில் உங்கள் தறி அடையாளம், பார்டர், நிறம் எல்லாவற்றையும் புகாரில் எழுதுங்கள். பொருளே திரும்பக் கிடைத்துவிட்டால் கிலோ கணக்கு என்ற பேச்சே எழாது.

ரயில்வே மறுத்தாலோ பதிலே போடாவிட்டாலோ, அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதம் கழித்து ரயில்வே கிளைம்ஸ் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுப் போடலாம். ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பண்டல் எப்படித் தொலைந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. இழப்பு எவ்வளவு என்று காட்டினால் போதும். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய சட்டம் பழையதைவிட நியாயமானது. 1961 வரை ரயில்வே ஒரு சாதாரண மனிதன் தன் பொருளுக்கு எடுக்கும் அளவு கவனம் எடுத்தால் போதும் என்றிருந்தது; 1962 ஜனவரி 1 முதல் பொதுச் சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு உள்ள முழுப் பொறுப்பு அதன்மேல் வந்தது. அந்தப் பொறுப்பை ஒரு கையால் கொடுத்து, 1990இல் வைத்த 50 ரூபாய் வரம்பால் மறுகையால் வாங்கிக்கொண்டார்கள் என்பது என் கருத்து. வரம்பை எதிர்த்து வழக்குப் போடலாமா என்றால், கட்டணம் கட்டி மதிப்பை அறிவிக்கும் வழி திறந்தே இருப்பதால் நீதிமன்றம் தலையிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் பணத்தை அதில் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

கடைசியாகத் தம்பி கையில் கொண்டுபோவது. வேண்டாம். வியாபாரச் சரக்கைச் சொந்த லக்கேஜாகப் பெட்டியில் கொண்டுபோக அனுமதி இல்லை. ஸ்லீப்பரில் இலவச எடையே 40 கிலோதான். புக் செய்யாமல் அளவுக்கு மேல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வசூலிப்பார்கள். அது பரவாயில்லை என்றாலும், வழியில் திருடு போனால் என்ன ஆகும்? கையில் வைத்திருந்த பொருளுக்கு, ஊழியரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபித்தால்தான் ரயில்வே பொறுப்பு என்கிறது 100ஆம் பிரிவு. இடுப்பில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்த பயணிக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டது.

அடுத்த முறையும் பார்சலில்தான் போடுங்கள். ஃபார்வர்டிங் நோட்டில் 'பட்டுச் சேலை' என்றே எழுதி, மதிப்புக் கட்டத்தில் பில் தொகையைப் போட்டு, சதவீதக் கட்டணத்தைக் கட்டுங்கள். அந்தத் தொகை ரசீதில் ஏறியிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள். போய்ச் சேரும் இடத்தில் தையல் பிரிந்தோ கட்டு மாறியோ இருந்தால், வாங்குகிறவர் அங்கேயே திறந்து எண்ணித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். 81ஆம் பிரிவு அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. பெங்களூர்க் கடைக்காரரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.