தானியங்கி இயந்திரத்தில் வெட்டும் வயர்த் துண்டுகளின் நீளம் ஏன் மாறுபடுகிறது?

நீளத்தை 100 மில்லிமீட்டர் என்று அமைத்தும் துண்டுகள் ஒன்றுபோல் வராததற்குப் பெரும்பாலும் காரணம் கத்தி அன்று, வயரைச் செலுத்தும் உருளைகளே. இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலானவை வயரை நேரடியாக அளப்பதில்லை. உருளை எவ்வளவு சுழன்றது என்பதைக் கொண்டே நீளத்தைக் கணக்கிடுகின்றன என்பதால், உருளை சிறிது வழுக்கினாலும் துண்டு குறுகிவிடும். சுருளிலிருந்து வயர் இறுக்கமாக இழுபட்டாலும் இதுவே நிகழும். ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உருளைகளில் படிந்த தூசியையும் எண்ணெயையும் துடைத்து, சுருள் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்த பின்னரே உருளைகள் வயரைப் பிடிக்கும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். இதே இயந்திரத்தில் மென்மையான சிலிக்கோன் குழாயை வெட்டும்போது அழுத்தத்தைக் கூட்டுவது பொருந்தாது; அழுத்தம் கூடினால் குழாய் நசுங்கிவிடும் என்பதால், குறைந்த அழுத்தமும் மெதுவான வேகமுமே அதற்கு ஏற்றவை. பின்னர் சில துண்டுகளை வெட்டி அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு வேறுபாடு இருந்தால் மட்டுமே நீளத் திருத்த எண்ணை (அமைத்த நீளத்துக்கும் வெட்டிய நீளத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்யும் இயந்திர அமைப்பை) மாற்ற வேண்டும்.