மாடி வீட்டுக்கு இன்னும் ரெண்டு பேர்

கேள்வி: மண்டபத்தில் எங்கள் மாடியை மீன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையனுக்கு ஏழாயிரம் ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறோம். நல்ல பையன், அஞ்சாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். இப்போது கூட வேலை பார்க்கும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். துபாயில் இருக்கும் என் கணவர் கூடவே கூடாது என்கிறார். எனக்கு மறுக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆனால் வாய்வார்த்தையோடு விடாதீர்கள்.

நானும் ஒரு காலத்தில் அப்படிச் சேர்ந்துகொண்ட ஆள்தான். கீழக்கரையில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில் மூன்று பேர் இருந்தோம், வீட்டைப் பேசி எடுத்தவனிடம் மாசாமாசம் எங்கள் பங்கைக் கொடுத்துவிடுவோம், அவன் கட்டிவிடுகிறான் என்றுதான் நினைப்பு. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் அவன் பாயும் இல்லை, பெட்டியும் இல்லை. அந்த வாரமே ராமநாதபுரத்திலிருந்து வீட்டுக்காரம்மா வந்து நின்று, நாலு மாச வாடகை பாக்கி, நீங்கள் ரெண்டு பேரும் யார் என்று கேட்டார். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவர் கோபமும் நியாயம், நாங்கள் முழித்ததும் நியாயம்.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, உள்வாடகைக்கு விட உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். அது இல்லாமல் விட்டால் அந்த ஒரு காரணத்துக்கே காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் உங்களுக்கு அந்த வம்பே வேண்டாம். மூன்று பேர் பெயரிலும் புதிதாக ஒப்பந்தம் போட்டு, வாடகைக்கு மூன்று பேருமே பொறுப்பு என்று எழுதி, ஆதார் நகலை வாங்கி வையுங்கள். அப்போது அவர்கள் உங்கள் வாடகைதாரர்கள், அவனுடைய ஆட்கள் இல்லை. இல்லையென்றால் அவன் ரெண்டு பேரிடமும் தலைக்கு நாலாயிரம் வாங்கி, உங்களுக்கு ஏழாயிரம் கொடுத்து, ஓசியில் குடியிருந்து மேற்கொண்டு ஆயிரமும் பார்ப்பான். அந்த ஆயிரத்தை நீங்களே கூட்டிக் கேட்டாலும் தப்பில்லை.

அப்புறம், நாள்வாடகைக்கு யாரையும் தங்கவைக்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கிறது, ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் நல்ல பையனுக்கும் சபலம் வரும்.

கரண்ட்டுக்கு மாடிக்குத் தனி மீட்டர் இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள், ரெண்டு மாசத்தில் 500 யூனிட் தாண்டினால் பில் எகிறிவிடும். ஆனால் நம் பக்கம் பெரிய தகராறு தண்ணீரில்தான் வரும். போர் தண்ணீர் உப்பு, குடிக்கக் குடம் கணக்கில் வாங்க வேண்டும், மேல்தொட்டி ஒரு ஆள் அளவுக்கு வைத்ததாக இருக்கும். மூன்று பேரும் மீன் வாடையோடு சாயங்காலம் ஒரே நேரத்தில் குளிக்கப் போகிறவர்கள். மோட்டாரை யார் போடுவது, எத்தனை தடவை போடுவது என்பதை முன்பணம் வாங்கும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.