சனம் நிரம்பிய வைத்தியசாலையின் பங்கை வாங்கலாமா?

கேள்வி: காலபோக நெல் விற்ற காசில் 3 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. மனைவியைக் காட்டக் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனோம். இருக்க இடமில்லாத சனம். அந்தக் கம்பனியின் பங்கு 10 ரூபாய்தானாம். வாங்கிப் போடலாமா?
– விவசாயி, பரந்தன்

பதில்: அன்று தந்த பற்றுச்சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வைத்தியர் கட்டணம் வேறு, வைத்தியசாலைக் கட்டணம் வேறு என்று போட்டிருக்கும். வரிசையில் நின்ற சனத்தின் காசில் பெரும்பங்கு வைத்தியருக்குத்தான். கம்பனிக்கு உழைப்பு ஆய்வுகூடத்திலும் சத்திரசிகிச்சையிலும் கட்டிலிலும்.

கொழும்புப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் கம்பனியின் ஆண்டறிக்கையும் காலாண்டுக் கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். படிக்கிற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள். நான் முதலில் பார்ப்பது வட்டியை. கட்டடமும் ஸ்கேன் இயந்திரமும் பெரும்பாலும் கடனில் வருபவை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, வங்கி வட்டியும் கூடவே ஏறியது. மருந்தையும் உதிரிப்பாகத்தையும் இறக்குமதி செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. தொழிலில் உழைத்த 100 ரூபாயில் 60 வட்டிக்கே போனால் கட்டில் நிரம்பி என்ன?

அடுத்தது காசுப்பாய்ச்சல், அதாவது கைக்கு உண்மையில் வந்த காசும் போன காசும். இலாபம் என்று எழுதியிருப்பார்கள், காசு இன்னும் நோயாளிக்காகக் கட்ட வேண்டிய காப்புறுதிக் கம்பனிகளிடம் நிற்கும். நெல்லை ஏற்றிக்கொண்டு போய் 'பிறகு தாறன்' என்ற வியாபாரியை உங்களுக்குத் தெரியாதா! கம்பனி தொடர்ந்து இயங்குமா என்று கணக்காய்வாளரே சந்தேகம் எழுதியிருந்தால் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம்.

10 ரூபாய் என்பதால் மலிவு என்றில்லை. அந்தப் பங்கு வருடத்துக்கு 20 சதம் உழைத்தால் நீங்கள் கொடுப்பது ஒரு வருட உழைப்பின் 50 மடங்கு. 100 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய் உழைத்தால் 10 மடங்குதான்.

சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே வைப்போம். பங்குகளில் பெரும்பகுதி ஓரிரு பெரிய முதலாளிகளிடம் இருந்தால் சந்தையில் கைமாறுவது கொஞ்சம்தான். ஐப்பசியில் விதைப்புக்குக் காசு தேவைப்படும்போது நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்காது. அதனால் விதைநெல், உரம், உழவுகூலிக்கானதை வங்கியிலேயே விடுங்கள். மிஞ்சியதில் வாங்குவதென்றால், பங்குச் சந்தையை மேற்பார்க்கும் பிணையங்கள் ஆணைக்குழுவின் உரிமம் பெற்ற தரகர் ஊடாகச் சிடிஎஸ் (CDS) கணக்கு, அதாவது வாங்கிய பங்குகள் உங்கள் பெயரில் பதிவாகிற கணக்கு, திறக்க வேண்டும். வாட்ஸப்பில் 'இரட்டிப்பாக்கித் தாறம்' என்று வருகிறவர் தரகர் அல்ல.