பார்மட் இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே வீடு. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கோவையில் மகள் வீட்டில் இருந்தேன். மின்னலுக்குப் பயந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து புதுப் பிரிண்டருக்கான சாஃப்ட்வேரைப் போட்டால் பாதியில் ‘இன்டர்நெட் இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று நின்றுவிடுகிறது. அதே வைஃபையில் போன் நன்றாக ஓடுகிறது. வங்கித் தளத்தைத் திறந்தால் ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்கிறது. ஒன்பது வருடப் பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10. கடையில் கேட்டால் வைரஸ், பார்மட் செய்து விண்டோஸ் 11 போட 1,500 ரூபாய் என்கிறார்கள். பேத்தியின் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, 1,500 ரூபாயை எடுப்பதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியைப் படியுங்கள். மணியைப் பார்த்து ஏமாற வேண்டாம், வருடத்தைப் பாருங்கள். 2016, 2017 என்று ஏதாவது காட்டினால் உங்கள் தொல்லை மொத்தமும் அதுதான். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை.

சிபியு பெட்டிக்குள் மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு செல் உட்கார்ந்திருக்கும். சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். பிளக் செருகி சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தாலும் கரண்டே உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டும். பிளக்கைப் பிடுங்கினால் அந்தப் பொறுப்பு செல்லின் தலையில் விழும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. இடி இடிக்கும்போது நீங்கள் பிளக்கைப் பிடுங்கியது சரியான காரியம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்பது வருடத்துச் செல் இரண்டு மாதம் தனியாகச் சுமந்ததில் படுத்துவிட்டது, கடிகாரமும் ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டது.

சரி, தேதிக்கும் பிரிண்டருக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு இணையதளமும் ‘நான் இன்னார்தான்’ என்று ஒரு சான்றிதழ் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் 2016-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் கொடுத்த சான்றிதழைக் காட்டினால், இது இன்னும் பிறக்கவே இல்லையே என்று கதவைச் சாத்துகிறது. வங்கித் தளத்தில் வந்த மிரட்டல் அதுதான். பிரிண்டர் சாஃப்ட்வேர் என்று நீங்கள் இறக்கியது சின்னதொரு ஃபைல்தான். மீதியை அது கம்பெனி சர்வரிலிருந்து இழுக்க வேண்டும், அங்கேயும் கதவு சாத்தல். ‘உங்கள் தேதி தப்பு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், பாதிப் பேர் கடைக்கே வரமாட்டார்கள். அதை விட்டு ‘இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று எழுதி வைத்திருக்கிற புண்ணியவான்களை என்ன சொல்ல!

போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சிபியுவை ஜமுக்காளத்தில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு குன்னூரில் என் கடைக்கு வந்தார். வேறொரு கடையில் ஏற்கெனவே இரண்டு முறை பார்மட் செய்திருந்தார்கள். திறந்தால் செல்லைப் பிடித்திருக்கும் தகட்டில் பச்சைக் களிம்பு. நம் ஊர்ப் பனியும் ஈரமும் செய்கிற வேலை. மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை கூட இல்லை. தகட்டைத் துடைத்து, ஐம்பது ரூபாய்க்குள் ஒரு செல் போட்டேன், முடிந்தது. பார்மட் செய்தவர்கள் கடையில் தேதியைத் திருத்தியிருப்பார்கள், அதனால் அங்கே எல்லாம் ஓடியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அந்த அம்மாவின் இருபது வருடப் போட்டோக்கள் அந்த முதல் பார்மட்டிலேயே போய்விட்டன.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது: செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய், தானாக நேரம் வைக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு, தேதியையும் மணியையும் கையால் திருத்துங்கள். ஏஎம், பிஎம் கவனம். டைம்ஸோன் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி என்று +5:30-இல் இருக்கட்டும். பிறகு அந்தச் சுவிட்சை மறுபடி போடுங்கள். முதலிலேயே தானாகத் திருத்த விட்டால் என்ன என்று கேட்பீர்கள். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் பொதுவாக அதை ஏற்காது. பத்து வருடம் தப்பியிருக்கும் கடிகாரத்தை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் தப்பியதை மட்டும் திருத்துகிற புத்திசாலித்தனம்!

அடுத்தது செல்லை மாற்றுவது. இங்கே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். செல் வெறும் கடிகாரத்துக்கு மட்டுமில்லை. பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புகளை நினைவு வைப்பதும் பழைய மெஷின்களில் அதுதான். செல்லைக் கழற்றினால் அவை ஆரம்ப நிலைக்குப் போகும். ஹார்ட் டிஸ்க்கை எந்த முறையில் படிப்பது என்ற அமைப்பு அப்படி மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாது, நீலத் திரை வரும். உடனே ‘ஹார்ட் டிஸ்க் போச்சு சார்’ என்று ஒருவர் கிளம்புவார். போகவில்லை. அமைப்பைப் பழையபடி மாற்றினால் ஏறிவிடும். எனவே கழற்றுவதற்கு முன் பயாஸ் திரை ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைக்கும்படி செல்லை மாற்றுகிறவரிடம் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் செல் ஏற்கெனவே செத்து, தேதியும் ஆரம்பத்துக்குப் போய், அப்படியும் விண்டோஸ் ஏறுகிறது என்றால் பயம் அநேகமாக இல்லை. ஆனாலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். செல் மாற்றியபின் முதல் தடவை ‘எஃப் 1-ஐ அழுத்து’ என்று நின்றால் அழுத்துங்கள், அவ்வளவுதான். லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம்.

விண்டோஸ் 11 விஷயம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மை. அதற்காக மறுநாள் மெஷின் நின்றுவிடவில்லை. 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். உங்கள் ஒன்பது வருடப் பெட்டி அதில் தேறாது. கடையில் குறுக்குவழியில் ஏற்றி, ஆக்டிவேட் செய்ய கிராக் என்கிற ஒரு திருட்டு சாஃப்ட்வேரைப் போட்டு, அது ஓட ஆன்டிவைரஸை அணைத்துத் தருவார்கள். வைரஸ் என்று சொல்லி உங்களை அழைத்தவர்கள் அப்போதுதான் நிஜ வைரஸை உள்ளே விடுகிறார்கள். அந்த மெஷினில் நீங்கள் வங்கித் தளம் திறக்கப் போகிறீர்கள்.

கூகுளில் பிரிண்டர் பெயரைத் தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். பெரிய பச்சைப் பட்டனில் ‘டவுன்லோட்’ என்று மினுக்கும், அதைத் தொடாதீர்கள். மூடியில் இருக்கும் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலேயே தேடி, ‘ஃபுல்’ என்று போட்டிருக்கும் பெரிய ஃபைலை இறக்குங்கள். பாதியில் வைஃபை போனாலும் இன்ஸ்டால் நிற்காது. இறக்கிய ஃபைலில் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பாருங்கள். கம்பெனி பெயர் இருக்க வேண்டும். உதவி எண் என்று தேடலில் கிடைக்கும் நம்பருக்கு போன் போட்டு, தூரத்திலிருந்தே உங்கள் மெஷினை இயக்கும் எனிடெஸ்க்கை அவர்கள் ஏற்றச் சொன்னால் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றிப் பணம் போயிருந்தால் தயங்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

தேதி சரியாகவே இருந்தும் நிற்கிறதா? ‘ஷட் டவுன்’ செய்யாமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸ் 10-இல் ஷட் டவுன் பெரும்பாலும் அரைத் தூக்கம்தான். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. யுஎஸ்பி கேபிளை இன்ஸ்டால் கேட்கும்போதுதான் செருக வேண்டும். முன்பே செருகினால் விண்டோஸ் தானாக ஏதோ ஒரு டிரைவரைப் பிடித்துக்கொள்ளும், பிரிண்ட் வரும், ஸ்கேன் வராமல் போகலாம். பிரிண்டர் பெட்டியில் ஒரு சிடி இருந்து, உங்கள் மெஷினில் சிடி டிரைவும் வேலை செய்தால் நெட்டே தேவையில்லாமல் அதிலிருந்தே போட்டுவிடலாம்.