மல்டி-ஏஜென்ட் கேள்வி-பதில்: ஒப்புக்கொண்ட வேலையை எப்போது கைவிடுவது?

தானே முடிவெடுக்கும் மென்பொருள் பகுதிதான் ஏஜென்ட், அப்படிப் பல சேர்ந்து இயங்குவது மல்டி-ஏஜென்ட் அமைப்பு. அந்தக் கோட்பாட்டைப் படித்துவிட்டு, அதை ஓடுகிற மென்பொருளாக மாற்ற உட்கார்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தன்னாட்சி, சூழலுக்கு எதிர்வினை, முன்முயற்சி, மற்றவற்றோடு பேசும் திறன், இந்த நான்கும் இருந்தால் ஏஜென்ட் என்று படித்தேன். நான் எழுதும் மைக்ரோசர்வீஸிலும் (ஒரே ஒரு வேலையைத் தனியாக ஓடிச் செய்யும் சிறு மென்பொருள்) ஏறக்குறைய எல்லாமே இருக்கிறதே? (முதுகலை மாணவி)

பதில்: அந்த நான்கையும் பட்டியலாகத் தந்தது வூல்ட்ரிட்ஜும் ஜென்னிங்ஸும் 1995-இல் எழுதிய கட்டுரை. வகுப்பறைக்கு அது நல்ல வரையறை. வடிவமைக்க உட்காரும்போது நான் கேட்டுக்கொள்வது வேறு: இந்தப் பகுதிக்கு 'முடியாது' என்று சொல்ல நியாயமான காரணம் ஏதாவது உண்டா? ஆப்ஜெக்டின் மெத்தடைக் கூப்பிட்டால் அது ஓடியே தீரும். ஏஜென்டிடம் வேலையைக் கேட்கத்தான் முடியும். செய்வதா வேண்டாமா என்பது அதன் முடிவு. வரி கணக்கிடும் பகுதி மறுக்க ஒரு காரணமும் இல்லை, அது ஃபங்ஷனாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு லாரிக்குப் பொறுப்பான பகுதிக்கு ஏற்கெனவே ஏற்ற சரக்கு இருக்கலாம், ஓட்டுநரின் வேலை நேரம் முடிந்திருக்கலாம், வேறொரு வேலைக்கு ஒப்புக்கொண்டிருக்கலாம். அதை ஏஜென்டாக எழுதினால் பலன் உண்டு.

கேள்வி: நம்பிக்கை, விருப்பம், எண்ணம் என்ற பிடிஐ மாதிரி தத்துவப் பாடம் போலவே இருக்கிறது. கோடாக எழுத இதில் என்ன இருக்கிறது? (கிடங்கு ரோபோக்களுக்கு மென்பொருள் எழுதுபவர்)

பதில்: தத்துவத்திலிருந்து வந்ததுதான். தத்துவ அறிஞர் மைக்கேல் பிராட்மன் 1987-இல் வைத்த வாதம் இது: மனிதருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் ஒன்றைச் செய்வதென்று தீர்மானித்த பிறகு அந்தத் தீர்மானமே மேற்கொண்டு யோசிக்க வேண்டியதைக் குறைக்கிறது. வேகம் குறைந்த ப்ராசஸர், நொடிக்கு நொடி மாறும் சூழல் என்று இருந்த பொறியாளர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தியது. அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் ஜார்ஜெஃப் குழு இந்த வழியில் உருவாக்கிய பிஆர்எஸ் அமைப்பை, விண்வெளி ஓடத்தின் சிறு உந்து எஞ்சின்களில் வரும் கோளாறுகளைக் கையாளும் சிக்கலில் போட்டுப் பார்த்தார்கள். 1990-களில் ஆஸ்திரேலியாவில் அதே வழியில் ஓயாசிஸ் என்ற விமானப் போக்குவரத்து மேலாண்மை அமைப்பு வந்தது. சிட்னி விமான நிலையத்தில் இறங்க வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் ஏஜென்ட். வரிசைப்படுத்த, காற்றைக் கணிக்க, ஒருங்கிணைக்கத் தனி ஏஜென்டுகள். ஒரே நேரத்தில் 70, 80 வரை ஓடும் அமைப்பு அது.

அந்த அனுபவத்தை ராவும் ஜார்ஜெஃபும் 1995-இல் எழுதியபோது, கோட்பாட்டில் எதைக் கைவிட்டோம் என்பதையும் சொன்னார்கள். இன்றும் நமக்கு அதிகம் உதவுவது அந்தப் பகுதிதான் என்பது என் கருத்து. நம்பிக்கை, விருப்பம், எண்ணம் பற்றிய முழுத் தர்க்கத்தையும் ஓடும்போதே நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நம்பிக்கை என்பது இப்போதைய நிலையைச் சொல்லும் எளிய உண்மைகளின் பட்டியல். திட்டங்கள் முன்கூட்டியே எழுதி வைத்தவை. எண்ணம் என்பது பாதி ஓடிய திட்டங்களின் அடுக்கு. இவ்வளவுதான். உங்கள் ரோபோவுக்கு ஒரு திட்டம் இப்படி இருக்கும்:

நிகழ்வு: 12-ஆம் அலமாரியை 3-ஆம் மேடைக்குக் (ஆள் நின்று வேலை செய்யும் இடம்) கொண்டுவர வேண்டும் என்ற இலக்கு வந்தது.
நிலைமை: ரோபோவின் மேல் வேறு அலமாரி இல்லை, பேட்டரி 30 சதவீதத்துக்கு மேல்.
செயல்: அலமாரிக்குப் போ, தூக்கு, மேடைக்குப் போ, இறக்கு.

இதே நிகழ்வுக்கு இரண்டாவது திட்டம்: பேட்டரி 30-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்று, பிறகு அதே இலக்கை மறுபடி எடு. மூன்றாவது, எல்லோரும் எழுத மறப்பது: இலக்கு தோற்றால் யாரிடம் சொல்வது? 'தூக்கு' என்ற படி நடுவில் தோற்கும்போது அந்த மூன்றாவது திட்டம் இல்லையென்றால், மேடையில் ஆள் காத்துக்கொண்டே நிற்பார்.

அடுத்து, எத்தனை படிக்கு ஒருமுறை 'இந்த வேலை இன்னும் தேவையா' என்று ரோபோ யோசிக்க வேண்டும்? கின்னியும் ஜார்ஜெஃபும் 1991-இல் இதைச் சிமுலேஷனில் சோதித்தார்கள். சூழல் மெதுவாக மாறினால் எடுத்த வேலையை முடிக்கும்வரை திரும்பிப் பார்க்காத ஏஜென்ட் முந்துகிறது. வேகமாக மாறினால் அடிக்கடி நின்று யோசிக்கும் ஏஜென்ட் முந்துகிறது. ஆகவே அந்த இடைவெளியை மாற்றக்கூடிய பாராமீட்டராக வைத்து, உங்கள் தளத்தில் வழித்தடங்கள் எவ்வளவு அடிக்கடி அடைபடுகின்றன என்று அளந்து, அதற்கேற்ப வையுங்கள். ஊகித்து எழுதிய எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வேலைகளைப் பிரித்துக் கொடுக்க கான்ட்ராக்ட் நெட் முறையை எழுதினோம். டெமோவில் அழகாக ஓடியது. 50 ஏஜென்டுகள் ஆனதும் சில வேலைகள் யாருக்கும் போகாமல் தொங்குகின்றன, சில ஏஜென்டுகளுக்கு இரண்டு வேலை சேர்ந்து போகிறது. வரைபடத்தையும் கோடையும் இணைத்திருக்கிறோம். (ஒரு லாஜிஸ்டிக்ஸ் குழு)

பதில்: ரீட் ஸ்மித் 1980-இல் வெளியிட்ட இந்த முறை டெண்டர் விடுவது மாதிரியேதான்: அறிவிப்பு, விலை, தேர்வு, வேலை. டெண்டரில் கடைசித் தேதி இருப்பதைப் போல இங்கும் கெடு இருக்க வேண்டும். உங்கள் வரைபடத்தில் அது இல்லை. ஒரு ஏஜென்ட் செத்துப்போனாலும், மெசேஜ் தொலைந்தாலும், மேலாளர் ஏஜென்ட் எல்லாப் பதிலும் வரட்டும் என்று உட்கார்ந்துவிடுகிறது. ஏஜென்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஃபிப்பா தரத்தின் மெசேஜ் அமைப்பில் 'இந்த நேரத்துக்குள் பதில்' என்ற புலமே உண்டு. அதை நிரப்புங்கள். கெடு முடிந்ததும் வந்த விலைகளை வைத்து முடிவெடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அறிவிப்பை மறுபடி விடுங்கள், அதற்கும் எண்ணிக்கை வரம்பு வையுங்கள்.

இரண்டு வேலை சேர்ந்து விழுவதற்குக் காரணம் வேறு. ஓர் ஏஜென்ட் ஒரே நேரத்தில் இரண்டு அறிவிப்புக்கு விலை சொல்கிறது, இரண்டும் கிடைத்துவிடுகிறது. விலை சொன்ன கணமே அது வாக்கா, இல்லை 'இப்போதைக்கு என் கணிப்பு' என்பதா? உங்கள் கோடில் இரண்டும் கலந்திருக்கிறது. வாக்கு என்றால் பதில் வரும்வரை, ஒரு காலாவதி நேரத்தோடு, அந்த இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அதனால் சில நல்ல வேலைகள் கைநழுவும். கணிப்பு என்றால் தேர்வான பிறகு ஓர் உறுதிசெய்யும் மெசேஜ் கூடுதலாக வேண்டும், அப்போது ஏஜென்ட் மறுக்கலாம், மேலாளர் அடுத்தவரிடம் போகலாம். வாகனம் போன்ற ஒரே ஆளுக்கு ஒரே வேலை உள்ள இடங்களில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 50 பேருக்கும் அறிவித்து, 50 பேரும் பதில் சொல்லி, 50 பேருக்கும் முடிவு சொல்லி, ஒருவர் வேலையை முடித்துச் சொன்னால் ஒரு வேலைக்கு 151 மெசேஜ். அருகிலிருக்கும் 6 வண்டிகளுக்கு மட்டும் அறிவித்தால் அது 19.

கேள்வி: ஏஜென்டுகளை எழுத உதவும் ஜேட் (JADE) என்ற மென்பொருள் தளத்தை இப்போதும் கற்கலாமா? (பலர்)

பதில்: டெலிகாம் இட்டாலியாவின் டூரின் ஆய்வகத்தில் பிறந்தது, ஃபிப்பா தரத்தைப் பின்பற்றுவது. யார் என்ன சேவை தருகிறார்கள் என்று பதிந்து தேடும் அதன் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு வார இறுதி போதும். பிடிஐ முறையில் யோசிக்கப் பழக, அந்த முறையிலேயே ஏஜென்டுகளை எழுத உதவும் ஜேசனை (Jason) எடுங்கள். புதிய வணிக அமைப்பை இவற்றின் மேல் கட்டச் சொல்லமாட்டேன். மெசேஜ் க்யூவும் (மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) உங்கள் குழுவுக்குத் தெரிந்த நிரல்மொழியும் போதும்.

கேள்வி: திட்டமிடுபவர், தேடுபவர், எழுதுபவர், விமர்சகர், மேலாளர் என்று ஐந்து எல்எல்எம் (பெரிய மொழி மாடல்) ஏஜென்டுகள் வைத்தோம். ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டே டோக்கனை (மாடல் உரையை அளக்கும் சிறு துண்டு) தின்கின்றன. (ஸ்டார்ட்-அப் நடத்தும் இருவர்)

பதில்: ஐந்துக்கும் அதே மாடல், அதே தகவல், அதே இலக்கு. அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஒரே ஏஜென்ட்தான், ஐந்து ப்ராம்ப்டுகளோடு (மாடலுக்குத் தரும் அறிவுறுத்தல்கள்). முதலில் ஒன்றை வைத்துச் செய்து பாருங்கள். தனித்தனி அனுமதி தேவைப்படும்போது, தரவு வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கும்போது, ஒன்றையொன்று சாராத வேலைகள் இணையாக ஓடும்போது, ஒரே உரையாடலில் அடங்காத அளவு பொருள் இருக்கும்போது பிரியுங்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் விலை உண்டு. ஒரு படி 95 சதவீதம் சரியாக நடக்கும், ஒரு படியின் தவறு இன்னொன்றைச் சாராது என்று வைத்தாலும், 10 படி தொடர்ந்தால் முழுதும் சரியாக முடியும் வாய்ப்பு 60 சதவீதம்தான்.

பழைய ஆய்வு கை கொடுக்கும் இடமும் இங்கே உண்டு. பேசுவதே ஒரு செயல் என்ற, தத்துவ அறிஞர்கள் ஆஸ்டின், சியர்ல் ஆகியோரின் பேச்சுச் செயல் கோட்பாட்டை எடுத்து, ஒவ்வொரு மெசேஜுக்கும் அது வேண்டுகோளா, தகவலா, ஒப்புதலா, மறுப்பா என்ற வகையைத் தனியே எழுத வைத்தார்கள். உங்கள் ஏஜென்டுகள் வெறும் உரைநடையில் பேசுகின்றன. 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று விமர்சகர் சொன்னால் அது மறுப்பா, ஆலோசனையா? எழுதுபவர் ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் ஊகிக்கிறது. வகையைத் தனிப் புலமாக வையுங்கள், மூன்றே மூன்று போதும்: ஏற்றேன், இந்தக் காரணத்தால் திருப்பி அனுப்புகிறேன், என்னால் முடியவில்லை. சுற்றுகளுக்கு உச்சவரம்பு வையுங்கள். 2024 நவம்பரில் வந்த எம்சிபி (மாடலைக் கருவிகளோடும் தரவோடும் இணைக்கும் தரம்), 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்த ஏ2ஏ (ஏஜென்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் தரம்) ஆகியவை இணைப்பைச் சீராக்குகின்றன. எப்போது ஒத்துக்கொள்வது, எப்போது விடுவது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு ஏஜென்டும் டெஸ்டில் பாஸ். சேர்த்து ஓடவிட்டால் கோணலாகிறது. (டெஸ்டிங் பொறியாளர்)

பதில்: 2011 ஏப்ரலில் அமேசானில் பழ ஈயின் வளர்ச்சி பற்றிய பழைய உயிரியல் நூல் ஒன்றின் விலை 2,36,98,655 டாலர் 93 சென்ட் வரை ஏறியது. இரண்டு விற்பனையாளர்களின் விலை நிர்ணயிக்கும் ப்ரோகிராம்கள்தான் காரணம். ஒன்று எதிராளியின் விலையை 0.9983-ஆல் பெருக்கியது, சற்றே மலிவாக இருக்க. மற்றொன்று 1.270589-ஆல் பெருக்கியது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமான விதி. இரண்டையும் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 1.268. 100 டாலரில் தொடங்கினாலும் 52 சுற்றில் 2.3 கோடியைத் தாண்டும்.

ஒவ்வொரு பகுதியையும் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் இதைப் பிடிக்காது. ஏஜென்டுகளைச் சேர்த்து, ஒரே ரேண்டம் சீடோடு (அதே ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர உதவும் தொடக்க எண்) சிமுலேட்டரில் நூற்றுக்கணக்கான சுற்று ஓட்டுங்கள். எந்த நேரத்திலும் உடையக்கூடாத விதிகளைத் தனியே எழுதுங்கள்: விலை செலவின் இத்தனை மடங்கைத் தாண்டாது, ஒரு வேலை இரண்டு பேரிடம் இருக்காது, எந்த இலக்கும் இத்தனை நிமிடத்துக்கு மேல் தொங்காது. ஒவ்வொரு மெசேஜிலும் உரையாடல் எண் போடுங்கள். அது இல்லாமல் 50 ஏஜென்டுகளின் லாகைப் படிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான். விதி உடைந்தால் நிறுத்தும் அதிகாரம் ஏஜென்டுகளுக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் பரவலாக்கி, மையமே இல்லாமல் கட்டுவதுதானே உண்மையான மல்டி-ஏஜென்ட்? (பொறியியல் மாணவர்)

பதில்: 2003-இல் தொடங்கி, 2012-இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கிய கீவா கிடங்கு ரோபோக்களைப் பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஏஜென்ட், ஒவ்வொரு மேடைக்கும் ஓர் ஏஜென்ட். பாதையை வண்டியே திட்டமிட்டது. எந்த வேலை எந்த வண்டிக்கு என்பதை ஒரு பொது மேலாளர் ஏஜென்ட் முடிவு செய்தது. ஒரே கூரையின் கீழ், ஒரே நிறுவனத்தின் சொத்தாக இருக்கும்போது மையத்தில் முடிவெடுப்பது மலிவு, அதனால் அப்படிச் செய்தார்கள். தகவலோ உரிமையோ பிரிந்திருந்தால் மட்டும் முடிவையும் பிரியுங்கள்.

கேள்வி: எங்கிருந்து தொடங்கலாம்? (முதலாம் ஆண்டு மாணவி)

பதில்: ஒரு மேலாளர், மூன்று வேலையாட்கள், ஆக நான்கு ப்ராசஸ் (தனியே ஓடும் ப்ரோகிராம்). கான்ட்ராக்ட் நெட்டை நீங்களே எழுதுங்கள், எந்த லைப்ரரியும் வேண்டாம். ஓடும்போது, வேலையை ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு ப்ராசஸைக் கொன்றுவிட்டு, அந்த வேலை இன்னொருவர் கையில் முடிகிறதா என்று பாருங்கள். முடியும்வரை எழுதுங்கள். பிறகு மேலாளரைக் கொல்லுங்கள்.