நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவதா, வீட்டை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுப்பதா?

நான் இரண்டும் செய்கிறேன். தூரம்தான் உங்கள் கவலை என்றால் கடன் பக்கம் சாய்வேன். ஆனால் அதில் வேலையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை இருக்கிறது, பணம் கொடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும், அவ்வளவுதான்.

சொந்த வீட்டில் வேலை பணம் போட்ட பிறகு ஆரம்பிக்கும். குழாய் ஒழுகுகிறது, மாற்றிவிட்டோம் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் படமும் பில்லும் அனுப்புவார். படத்தில் இருப்பது உங்கள் வீட்டுக் குழாய்தானா என்று உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படிச் சொல்வது? அவருக்கு வாடகையில் ஒரு பங்கு, புதுக் குடித்தனம் பிடித்துத் தந்தால் தனிக் கூலி. ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வரியும் காப்பீடும் அதற்காக நிற்காது.

கடனில் முக்கால்வாசி விஷயம் வீட்டின் மதிப்பில்தான் இருக்கிறது. 100 பெறும் வீட்டின்மேல் 65 கொடுத்தீர்கள். கடன் வாங்கியவர் கைவிரித்துவிட்டார். ஒரு வருட வட்டி பாக்கி 6, வழக்குச் செலவு 5 என்று வைத்தால் உங்களுக்கு வரவேண்டியது 76. ஏலத்தில் 80க்குப் போனாலும் தப்பித்துவிடுவீர்கள், உங்களுடையது முதல் அடமானமாக இருந்தால். இரண்டாம் அடமானம் என்றால் முதலில் நிற்பவர் எடுத்த மிச்சம்தான்.

ஆனால் அந்த 100 யார் சொன்ன 100? வீட்டைப் புதுப்பித்து விற்கக் கடன் கேட்பவர்கள் வேலை முடிந்தபின் கிடைக்கப்போகும் விலையைக் காட்டுவார்கள். இன்று அது 70தான் பெறும் என்றால் நீங்கள் கொடுத்தது 65 சதவீதம் இல்லை, ஏறக்குறைய 93. அதனால் மதிப்பீட்டாளரை நீங்களே அமர்த்துங்கள். புதுப்பிக்கும் பணத்தையும் வேலை நடந்த அளவுக்குத்தான் விடுவியுங்கள்.

இன்னொன்று, குறுகிய காலக் கடன் திரும்பி வந்த பிறகு பணம் சும்மா இருக்கும். 10 சதவீத வட்டிக்கு 9 மாதம் கொடுத்து, 3 மாதம் அடுத்த ஆளைத் தேடினால் அந்த வருடம் கிடைப்பது 7.5. விலைவாசி ஏறினாலும் உங்கள் அசல் அதே அசல்தான். வீடு வைத்திருப்பவருக்கு வாடகையும் ஏறும், விலையும் ஏற வாய்ப்புண்டு. கடன் கொடுத்தவருக்கு அந்த ஏற்றத்தில் பங்கே இல்லை. ஆகவே நீண்ட காலம் தொடத் தேவையில்லாத பணம், நம்பிக்கையாகப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் வீடே மேல். சில வருடங்களில் திரும்பத் தேவைப்படும் பணத்தை வீட்டில் போடவே மாட்டேன். அவசரத்துக்கு விற்றால் நல்ல விலை கிடைக்காது.

அப்புறம், பலரிடம் பணம் திரட்டிக் கடன் கொடுக்கும் இணையதளங்கள். அங்கே அடமானப் பத்திரம் யார் பெயரில் பதிவாகிறது என்று முதலில் கேளுங்கள். தளத்தின் பெயரில் என்றால், பல இடங்களில் நீங்கள் கடன் கொடுத்திருப்பது வீட்டுக்கு இல்லை, அந்த நிறுவனத்துக்கு. அது மூழ்கினால் வீடு ஒழுங்காக நின்றாலும் உங்கள் பணம் வரிசையில் நிற்கும். தொடர்ந்து வட்டிக்குக் கொடுக்க உரிமம் கேட்கும் நாடுகளும் உண்டு. அதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.